அழகம்மாவின் ஊமைப் போத்தல்

பரந்தன் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பூநகரி வீதியால் ஐந்து நிமிடம் நடந்தால் ஓட்டு வீடு ஒன்று வரும். 1982 தை மாதம் அந்த வீட்டு வாசலில் வேலை கேட்டு நின்ற அழகம்மாவுக்கு, உள்ளேயிருந்து வந்த வாடை புதிராக இருந்தது. மீன் வாடையும் இல்லை, மருந்து வாடையும் இல்லை. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு அவித்தாற்போல ஒன்று. எட்டிப் பார்த்தாள். முன் அறையில் பாய் விரித்து, கருஞ்சிவப்பாக நூல் நூலாக எதையோ உலரப் போட்டிருந்தார்கள். அது கடற்பாசி என்று அவளுக்கு அப்போது தெரியாது.

வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தவர் தவராசா. யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பிக்கும் விரிவுரையாளர். முல்லைத்தீவுக் கரையிலும் பூநகரிப் பக்கத்திலும் சனங்கள் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிற பாசியில் கல்சியமும் இரும்பும் எவ்வளவு இருக்கின்றன, ஈயம், கட்மியம் போன்ற கெட்ட உலோகங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அளப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கிழமைக்கு இரண்டு நாள் ரயிலில் வந்து போவார். மற்ற நாட்களில் வீட்டைப் பார்த்து, போத்தல் கழுவ ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"முந்தி என்ன வேலை செய்தனீர்?" என்று கேட்டார்.

"தோட்டத்துல புள்ளக்காம்பராவுல இருந்தேங்க. கொழுந்து பறிக்கப் போறவுங்க புள்ளைகளப் பாத்துக்கிறது. பால் போத்தலெல்லாம் நான்தான் கழுவுவேன்."

"எத்தினை பிள்ளையள்?"

"நாப்பது, நாப்பத்தஞ்சு இருக்கும். ஏழு வருசத்துல போத்தலால ஒரு புள்ளைக்கும் வயித்தால போகலீங்க."

இந்த ஒரு பதிலுக்காகவே வேலை கொடுத்ததாகத் தவராசா பின்னாளில் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

அழகம்மாவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்றவள். எழுபத்தேழு ஆவணி இனக் கலவரத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தபோது, உடுத்த சேலையோடும் பிள்ளைகளோடும் தேயிலைக்குள் இரண்டு நாள் ஒளிந்திருந்தாள். பிறகு லொறியில் வவுனியா, பள்ளிக்கூடத்து முகாம், அங்கிருந்து கிளிநொச்சிக்கு வடக்கே காடு வெட்டிய ஒரு துண்டு நிலம். கணவன் பழனியாண்டி வயலில் கூலிக்குப் போனான். அவளும் போனாள். வெயில் மட்டும் கடைசிவரை அவளுக்குப் பழகவில்லை. ஓட்டு வீட்டு நிழலில் வேலை என்று கேள்விப்பட்டதும் இரண்டு கட்டைத் தூரம் நடந்து வந்துவிட்டாள்.

வேலை எளிதாகத்தான் தெரிந்தது. அமிலம் கலந்த நீரில் போத்தல்கள் ஒரு முழு நாள் ஊறவேண்டும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் மூன்று தரம் அலச வேண்டும். கவிழ்த்து வைக்கும் இடத்தில் ஒரு தூசி இருக்கக் கூடாது. ஏன் இத்தனை பாடு என்று அவள் கேட்டபோது தவராசா விளக்கினார்.

"ஒரு மூட்டை நெல்லிலை ரெண்டு மூண்டு மணி மட்டும் கறுப்பு எண்டு வையும். அந்த ரெண்டு மணியைத்தான் நாங்கள் தேடுறம்."

அழகம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பன்னா என் நகக்கண்ணுல உள்ள அழுக்கே ஒங்களுக்கு ஒரு மூட்ட இருக்குங்களே" என்றாள். அன்று மாலையே நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டாள். வேலைக்கு வரும்போது கண்ணாடி வளையல் போடுவதையும் விட்டாள்.

உலர்ந்த பாசியைப் பீங்கான் உரலில் தூளாக்கி, அமிலத்தில் கரைத்து, வடித்துப் போத்தலில் அடைத்துக் கண்டிப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றுக்கு ரயிலில் அனுப்புவார்கள். அளக்கிற இயந்திரம் அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு போத்தல் பாசி போடாமலே போகும். மற்றப் போத்தல்களுக்கு நடந்ததெல்லாம் அதற்கும் நடக்கும்: அதே கழுவல், அதே அமிலம், அதே நீர். இயந்திரம் அதில் ஒன்றுமில்லை என்று சொன்னால்தான் மற்றப் போத்தல்களின் சொல்லை நம்பலாம். தவராசா அதை வெறும் போத்தல் என்றார். அழகம்மா ஊமைப் போத்தல் என்று பெயர் வைத்தாள்.

இரண்டு மாதத்தில் அவளுடைய விரல்கள் மஞ்சள் பூசினாற்போல நிறம் மாறி, தோல் வெடித்தது. அமிலத்தின் வேலை. ஒருநாள் தவராசாவே கண்டுவிட்டு, அடுத்த முறை வரும்போது யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சோடி றப்பர் கையுறை கொண்டுவந்தார். கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த நண்பரிடம் சொல்லி எடுப்பித்தது. உள்ளே வெள்ளை மா தடவியிருந்தது. அழகம்மாவுக்காக ஒருவர் தேடிப்போய்ப் பொருள் வாங்கியது அதுவே முதல் தடவை. போத்தல்களைப் போலவே கையுறைகளையும் நாள் தவறாமல் கழுவிக் காயவைத்தாள்.

ஆவணியில் கண்டியிலிருந்து முதல் பெறுபேறு வந்தது. தவராசா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"நாகம் கூடிப்போச்சு" என்றார்.

"பாம்பாங்க?"

"இல்லை. வாளிக்கு மேலை வெள்ளையாப் பூசியிருக்கிற உலோகம் இருக்கே, அதுக்கு நாகம், துத்தநாகம் எண்டு பேர். இருக்க வேண்டியதிலும் பார்க்க நாலு மடங்கு நிக்குது." பிறகு தயங்கி, "வெறும் போத்திலிலும் நிக்குது" என்றார்.

ஊமைப் போத்தல் பேசிவிட்டது. அதன் பொருள் அழகம்மாவுக்கு உடனே விளங்கியது. பழுது கடலில் மட்டும் என்றால் வெறும் போத்தல் சும்மா இருந்திருக்கும். இந்த வீட்டுக்குள் ஏதோ நடந்திருக்கிறது.

"அழகம்மா, போத்தில் கழுவேக்கை அந்தத் தகர வாளியைப் பாவிச்சனீரோ?"

"இல்லீங்க. அது வாசல் தெளிக்கத்தான். நீங்க குடுத்த பிளாஸ்டிக் பேசின தவிர வேற எதையும் தொடல."

தவராசா தலையாட்டினார். ஆனாலும் அவர் முகத்தில் முழு நம்பிக்கை இல்லை. அவர் கோபித்திருந்தால்கூட அவளுக்கு இத்தனை வலித்திருக்காது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது பழனியாண்டி, "விட்டுத்தள்ளு. வயலுக்கே போவோம். அங்க யாரும் போத்தலக் காட்டிக் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றான்.

"தப்பு எங்கேன்னு தெரியாம விட்டுட்டு வந்தா, தப்பு எம்மேலதான்னு ஆயிரும்" என்றாள் அழகம்மா.

அதற்குள் பெறுபேற்றுச் செய்தி கரைக்குப் போய்விட்டது. பாசி எடுத்துக் கொடுத்தவள் யூலிற்றா. முல்லைத்தீவுக்கு அண்மையில் ஒரு கரைக் கிராமத்தவள், மாதத்தில் ஒருமுறை சாக்கோடு பஸ்ஸில் வருவாள். அவளிடம் தவராசா, "நாகம் கூட நிக்குது, கொஞ்ச நாளைக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டாம் எண்டு சொல்லும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். காரணம் தெரியும்வரை எதற்கும் கவனமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் கரையில் அந்தச் சொல் வேறாக விளங்கியது. பாசியில் நாகத்தின் விஷமாம் என்றார்கள். அந்தக் கிழமை ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் வர, பழி பாசி மீது விழுந்தது. அடுத்த மாதம் யூலிற்றா வெறுங்கையோடு வந்தாள்.

"அக்கா, நான்தான் நஞ்சைத் தேடிக் கொண்டந்தவள் எண்டு கதைக்கினம். கோயிலிலை எனக்குப் பக்கத்திலை இருக்கவும் ஆக்களுக்குப் பயம்."

அழகம்மா அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

புரட்டாதியில் தவராசா ஒரு கறுத்தப் போத்தலில் பச்சைக் கரைசல் கொண்டுவந்தார். கண்டிக்கு அனுப்பாமலே வீட்டில் சோதிக்கும் வழி அது. நீரைச் சிறிய குழாயில் எடுத்து, கரைசலில் சில துளிகள் விட்டு, வாயைப் பெருவிரலால் மூடிக் குலுக்க வேண்டும். துளிகள் அடியில் போய்த் தங்கும். பச்சையாகவே நின்றால் நீர் சுத்தம். ரோசா நிறமானால் உலோகம் கலந்திருக்கிறது. "நான் இல்லாத நாளிலை ஒவ்வொண்டாச் சோதிச்சுப் பாரும்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

அழகம்மா சோதித்தாள். போத்தல் அலசிய நீர் ரோசா. மூடி அலசிய நீர் ரோசா. பேசின், புனல், உரல் எல்லாம் ரோசா. கடைசியில் காய்ச்சி வடித்த நீரையே நேரே எடுத்துக் குலுக்கினாள். அதுவும் ரோசா. தவராசா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். தண்ணீரே பழுது என்று முடிவு கட்டி, நீர் வடிக்கும் கண்ணாடிக் கருவிக்குப் புதுக் குழாய் பூட்டினார். அழகம்மா குலுக்கிப் பார்க்க, புதுத் தண்ணீரும் ரோசாதான். வீட்டில் நல்ல பொருள் என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எல்லாமே பழுது என்று காட்டுவதுதான் அழகம்மாவை உறுத்தியது. புள்ளக்காம்பராவில் ஒருமுறை எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் உடம்பெல்லாம் தடித்தது. பால் பழுது, போத்தல் பழுது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பார்த்தால், எல்லாக் குழந்தைகளையும் துடைத்தது ஒரே துணி. அந்த ஞாபகத்தில், எல்லாவற்றையும் தொடுகிற ஒன்று இந்த வீட்டில் எது என்று யோசித்தபடியே இரண்டு நாள் வேலை செய்தாள். யோசனைக்கு விடை கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் வலக் கையுறையின் பெருவிரல் கிழிந்தது. அதைக் கழற்றி வைத்தாள். வெறுங்கையைத் தவராசா தந்த நீரிலேயே பல தரம் அலசிவிட்டு, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று இரண்டு குழாய்களில் ஒரே தண்ணீரை எடுத்து, கைக்கு ஒன்றாகப் பிடித்துக் குலுக்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

இடக் கையில் இருந்தது ரோசா. வலக் கையில் இருந்தது பச்சை.

அழகம்மா இரண்டையும் கொட்டிக் கழுவி, மறுபடி குலுக்கினாள். அதே கதை. வலக் கையுறையைக் கழற்றியதுபோல இடக் கையுறையையும் கழற்றினாள். புதிதாக நீர் எடுத்துக் குலுக்கியபோது இரண்டு குழாயும் பச்சையாக நின்றன. இத்தனை நாளும் குழாயின் வாயை மூடியது கையுறைப் பெருவிரல். இத்தனை மாதமும் போத்தலின் வாயைப் பிடித்து அலசியதும் அதே விரல்.

அவள் உடனே முடிவு கட்டவில்லை. கிழிந்த கையுறையில் ஒரு சிறு துண்டை வெட்டி, சுத்தமான நீரில் போட்டு மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை அந்த நீரில் துளிகள் விட்டபோது செவ்வரத்தம்பூப்போல ஆழ்ந்த ரோசா நிறம் வந்தது. அதை அப்படியே தட்டில் நிறுத்தி வைத்தாள்.

தவராசா வந்ததும் அவர் முன்னால் கையுறை போட்ட கையாலும் வெறுங்கையாலும் குலுக்கிக் காட்டினாள். பிறகு தட்டில் இருந்த குழாயைக் கொடுத்தாள். அவர் பெட்டியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். றப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் வெள்ளைத் தூளில் நாகம் இருக்கிறது என்று அதில் போட்டிருந்தது.

"எனக்கு முதலே தெரிஞ்சிருக்க வேணும்" என்றார். "நான் வாங்கித் தந்தது."

"என் கையி வெடிச்சுப்போச்சேன்னு வாங்கித் தந்தீங்க. அதுல என்னங்க இருக்கு."

"நீங்கள் கண்டுபிடிக்காட்டி நான் இதைப் புத்தகத்திலை அச்சடிச்சுப் போட்டிருப்பன், அழகம்மா."

நீர் என்று அழைத்து வந்தவர் நீங்கள் என்று சொன்னதை இருவரும் அப்போது கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் நீர் என்று அவளை அழைத்ததே இல்லை.

பழைய போத்தல்களை எல்லாம் கொட்டிவிட்டு, மாசி மாதப் பாசியில் முதலிலிருந்து தொடங்குவது என்று முடிவாயிற்று. அப்போது அழகம்மா கரைக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்றாள். தவராசா ஒப்பவில்லை. "ரெண்டாந்தரம் அளந்து முடியாமல் பாசி நல்லது எண்டு வாய் திறக்கக் கூடாது. அது பிழை."

"பாசி நல்லதுன்னு நான் சொல்லப் போறதில்லீங்க. நாம சொன்னது தப்புன்னுதான் சொல்லப் போறேன். அதுக்கு எதுக்குங்க மாசி வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும்? அந்தப் புள்ள கோயில்ல தனியா ஒக்காந்திருக்கு."

தவராசா பஸ் நேரம் விசாரித்தார். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் முதல் பஸ்ஸில் முல்லைத்தீவுக்குப் போனார்கள். அழகம்மா கடலைப் பார்த்தது அன்றுதான். ஒன்பது மாதமாக அதன் பாசியைக் கையில் அளைந்தவள், இத்தனை பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ஆனால் நின்று பார்க்க நேரமில்லை; தேவாலயத்தில் பூசை முடிந்து சனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

கோயில் முன்றலில் யூலிற்றா உட்கார ஒரு வாங்கைப் போட்டுக் கொடுத்தாள். தவராசா பேசத் தொடங்கினார். நாலு வசனத்துக்குள் சனங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அழகம்மா முன்னுக்கு வந்து ஒரு கையில் மட்டும் கையுறை போட்டாள். ஒரே போத்தல் தண்ணீரை இரண்டு குழாயிலும் ஊற்றினாள், துளிகள் விட்டாள், குலுக்கினாள், வெயிலில் தூக்கிப் பிடித்தாள். முன்னால் நின்ற பெண்கள் கிட்ட வந்து பார்த்தார்கள்.

"நாகம்னா பாம்பு இல்லீங்க. அது ஒரு உலோகம். பாசியில கூடிக்கிடக்குன்னு நாங்க சொன்னோம். அது இந்தக் கையுறையில இருந்து வந்துச்சு. போத்தல் கழுவுனது நான். யூலிற்றா குடுத்த பாசிமேல பழியப் போட்டது எங்க தப்பு."

சூசைப்பிள்ளை என்ற முதிய மீனவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "அப்ப பாசியைத் தின்னலாம் எண்டு சொல்லுறியளோ?"

"அத நான் சொல்லலீங்க. மறுபடி அளந்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் நல்லதுன்னும் சொல்ல மாட்டேன், கெட்டதுன்னும் சொல்ல மாட்டேன்."

அவர் கட்டியிருந்த கையை எடுத்தார். "இப்பிடி ஒருத்தரும் எங்களிட்டை வந்து சொன்னதில்லை" என்றார். பிறகு யூலிற்றாவிடம் திரும்பி, "பிள்ளை, இவைக்குச் சாப்பாடு குடுத்தே அனுப்பு" என்றார். அதற்குப் பிறகு யூலிற்றாவை யாரும் ஒதுக்கவில்லை.

மாசியில் வேலை மறுபடி தொடங்கியது. வெறுங்கையால் அமிலத்தைத் தொடக் கூடாது என்று தவராசா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பொலித்தீன் பைகளைக் கையில் மாட்டி, மணிக்கட்டில் நூல் கட்டிக்கொண்டாள் அழகம்மா. பைகளை முதலில் சோதித்தாள், பச்சை மாறவில்லை. மணிக்கட்டு வியர்த்துக் கொட்டியது, விரல் வழுக்கிற்று, முதல் கிழமையில் மூன்று போத்தல் உடைந்தது. பிறகு பழகிவிட்டது. கழுவிய ஒவ்வொரு பத்துப் போத்தலிலும் ஒன்றைத் தானாகவே எடுத்துச் சோதித்தாள். ஒன்று ரோசா காட்டினால் பத்தையும் திரும்ப ஊறப் போட்டாள். அவசரம் என்று தவராசா சொன்ன நாட்களிலும் அதை மாற்றவில்லை.

வைகாசியில் பெட்டி ரயிலேறியது. எண்பத்துமூன்று ஆடியில் இனக் கலவரத்தில் நாடு பற்றி எரிந்தது. ரயில் நின்றது, தபால் நின்றது. தோட்டத்திலிருந்து தப்பிய அழகம்மாவின் தம்பி குடும்பம் ஆறு பேராக அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்த நாட்களில் பாசியைப் பற்றி யார் நினைப்பார்கள். ஆனால் கார்த்திகையில் கண்டியிலிருந்து தடித்த கடித உறை ஒன்று வந்தது. இயந்திரத்தை இயக்கிய சிங்களப் பெண்மணி, குழப்ப நாட்களில் போத்தல்களைத் தன் வீட்டு அலுமாரியில் வைத்துக் காத்து, பின்பு அளந்து அனுப்பியிருந்தார்.

நாகம் முன்னையதில் கால் பங்குக்கும் குறைவு. கல்சியமும் இரும்பும் தாராளம். ஈயமும் கட்மியமும் மிகச் சொற்பம். வள்ளங்களுக்குப் பெயின்ற் அடிக்கும் துறைக்குப் பக்கத்துப் பாசியில் மட்டும் ஈயம் சற்றுத் தூக்கலாக இருந்தது. அந்த இடத்தில் எடுக்க வேண்டாம் என்று யூலிற்றாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வெறும் போத்தலுக்கு எதிரே எல்லா உலோகத்துக்கும் ஒன்றுமில்லை என்று ஒரு சிறு கோடு மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது. கடிதத்தின் அடியில் அந்தப் பெண்மணி இரண்டு வரி கையால் எழுதியிருந்தார். இங்கே எங்கள் வெறும் போத்தல்கூட இவ்வளவு சுத்தமாக வருவதில்லை, அங்கே கழுவுகிறவர் எப்படிக் கழுவுகிறார் என்று எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

தவராசா அதை வாசித்துச் சொன்னபோது அழகம்மா சிரித்தாள். "என்னா எழுதுறது, ஐயா. ஊறப் போடணும், அலசணும், நம்பாம இருக்கணும். அவ்வளவுதாங்க." அவர் அவளை உட்காரவைத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, பதினான்கு வரிகளில் எழுதி எடுத்தார். அவள் சொன்னது அந்த ஆய்வுகூடத்துச் சுவரில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒட்டப்பட்டதாகப் பின்னர் ஒரு கடிதத்தில் செய்தி வந்தது.

எண்பத்தைந்தில் பாதைகள் அடைபடத் தொடங்க, தவராசா வீட்டைத் திருப்பிக் கொடுத்தார். அழகம்மா கிளிநொச்சியில் ஒரு சிறு மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கண்ணாடி ஊசிகளை அவித்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. 1988இல் காய்ச்சல் பரவி வாசல்வரை வரிசை நின்ற ஒரு காலை, ஊசிகளை அரை அவியலில் கேட்டார் தாதி.

"இன்னும் பத்து நிமிசம் ஆகுங்க" என்றாள் அழகம்மா.

"சனம் நிக்குது, அக்கா."

"நிக்கட்டும். உக்காரச் சொல்லுங்க."

தாதி அவளைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், பிறகு வெளியே போய்ச் சனங்களை இருக்கச் சொன்னார். அழகம்மா சட்டியின் மூடியைத் திறக்காமல் அடுப்பண்டையிலேயே நின்றாள்.